அடுப்பை அணைத்தால் அயர்ச்சி தீருமா?

உழைத்துக் களைத்தவனுக்கு உபதேசம் செய்வது எளிது. ஒவ்வொரு காலமும் தனக்கேற்ற உபதேசத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. "எல்லாம் விதி" என்றது ஒரு காலம். "உனக்கு மனவுறுதி போதாது" என்றது இன்னொரு காலம். நமது காலத்தின் உபதேசம் சற்று விசித்திரமானது. "நீ சமைத்த உணவை உண்கிறாய், நெருப்பிற் பட்டு உயிரிழந்த உணவு உன் உயிராற்றலையும் உறிஞ்சுகிறது, அடுப்பை அணைத்துவிட்டுக் காயும் கனியும் முளைகட்டிய பயறும் தேங்காயும் உண்டு பார், உன் சோர்வு பறந்துவிடும்" என்பதே அது. அலுவலகத்தில் எழுதிக் களைத்தவருக்கும், வகுப்பறையில் நின்று குரல் கம்மியவருக்கும், மருத்துவமனையில் இரவு பகலாக விழித்த தாதிக்கும் இந்த ஒரே மருந்துதான் சொல்லப்படுகிறது.

இவ்வுபதேசத்தை எள்ளி நகையாடுவது நமது நோக்கமன்று. பச்சை உணவை வற்புறுத்துவோருள் நேர்மையானவர் பலர் உளர். பொதிகை மலையடிவாரத்துச் சிவசைலத்தில் இராமகிருஷ்ணன் அமைத்த நல்வாழ்வு ஆசிரமம் தேங்காயையும் பழத்தையும் முதன்மையாகக் கொண்ட உணவு முறையைப் பல ஆண்டுகள் பரப்பியது. அதனால் நலம் பெற்றதாகக் கூறுவோர் தமிழகத்திலும் உண்டு, ஈழத்திலும் உண்டு. வல்லாரைச் சம்பலும் பப்பாசிப் பழமும் வெள்ளரிக்காயும் உடலுக்கு நல்லவை என்பதை மறுப்பார் யார்? நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. இந்த அயர்ச்சி உண்பவனின் வயிற்றிற் பிறக்கிறதா, அல்லது உழைப்பவனின் வாழ்நிலையிற் பிறக்கிறதா? பின்னதே உண்மையாயின், வயிற்றுக்கு மட்டும் மருந்து கூறிவிட்டு வாழ்நிலையைப் பற்றி வாய் திறவாதிருப்பது அறமாகுமா?

ஆங்கிலத்தில் இந்த அயர்ச்சிக்குப் 'பேர்ன்அவுட்' என்று பெயர். எரிந்து தீர்தல் என்பது அதன் நேர்ப்பொருள். விளக்கில் எண்ணெய் வற்றிய பின் திரி கருகுமே, அந்த நிலை. நியூயோர்க் நகரில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையமொன்றில் பணியாற்றிய உளமருத்துவ அறிஞர் ஹேர்பர்ட் ஃபுரொய்டன்பேர்கர் 1974இல் இச்சொல்லை ஆய்வுலகிற்குக் கொண்டுவந்தார். அவர் கண்டு எழுதிய மனிதர் சோம்பேறிகளல்லர். பிறர் துயர் துடைக்க வேண்டுமென்று தாமே முன்வந்து, ஓய்வின்றி உழைத்து, இறுதியில் ஒருநாள் யாருடைய துயரும் தம்மைத் தொடாத மரத்த நிலைக்கு வந்துவிட்ட ஊழியர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டின் பதினோராவது பதிப்பு இதற்கு இலக்கணம் வகுத்திருக்கிறது. ஆற்றல் வற்றிப்போதல், தொழிலின்மீது விலகலும் வெறுப்பும் தோன்றுதல், செய்யும் வேலையில் திறன் குன்றியதாக உணர்தல் என்னும் மூன்றும் சேர்ந்ததே அது. அவ்வகைப்பாடு இதனை ஒரு நோயாகக் கொள்ளவில்லை; பணியிடத்திலே நீண்டகாலமாகத் தீர்க்கப்படாதிருக்கும் நெருக்கடியின் விளைவாகவே கொள்கிறது. காரணம் பணியிடத்தில் இருக்கிறது என்று உலகப் பேரவையே எழுதி வைத்த பிறகும், நாம் காரணத்தை உணவுத் தட்டிலே தேடிக்கொண்டிருக்கிறோம்!

இத்தேடல் இன்று தொடங்கியதன்று. 1869இல் அமெரிக்க மருத்துவர் ஜோர்ஜ் பியேர்ட் 'நரம்புத் தளர்ச்சி' என்றொரு நோயை எடுத்துரைத்தார். இயந்திர நாகரிகத்தின் வேகம் மனிதனின் நரம்பாற்றலை வற்றச் செய்கிறது என்பது அவர் கருத்து. அத்தளர்ச்சியுற்ற ஐரோப்பியச் செல்வரை ஈர்த்த இடங்களுள் ஒன்று, சுவிற்சர்லாந்தின் சூரிச் மலைச்சாரலில் மருத்துவர் பிர்ஷர் பென்னர் 1904இல் திறந்த நலவாழ்வு மனை. பச்சைப் பழங்களும் கொட்டைகளும் ஊறவைத்த தானியமும் அங்கே முதன்மையான உணவு. இன்று கடைகளில் பெட்டியில் விற்கும் 'மியூஸ்லி' அங்கிருந்தே உலகிற்கு வந்தது. ஜேர்மானிய நாவலாசிரியர் தோமஸ் மான் 1909இல் அங்குச் சென்று தங்கினார்.

அங்கே சென்றவர் நலம் பெற்றுத் திரும்பினர் என்றே வைத்துக்கொள்வோம். நலம் தந்தது எது? அந்த மனையிலே அதிகாலையில் எழவேண்டும். திறந்த வெளியில் நடக்கவேண்டும். தோட்டத்தில் மண் கிளறவேண்டும். இரவில் முன்னதாகவே விளக்கை அணைத்து உறங்கிவிடவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே தங்கியிருக்கும் நாள்களில் எவருக்கும் வேலை இல்லை. கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. மேலதிகாரியின் முகத்தை நோக்க வேண்டியதில்லை. துருவிய ஆப்பிளோடு சேர்த்து அவர்களுக்குத் தூக்கமும் காற்றும் ஓய்வும் பரிமாறப்பட்டன. செலவுக்குப் பணமுடையவர் அவற்றைப் பெற்றனர். புகழ் மட்டும் ஆப்பிளுக்குப் போயிற்று. இன்று நமக்கு விற்கப்படுவதும் அந்த ஆப்பிள்தான். தூக்கமும் ஓய்வும் அதனோடு வருவதில்லை.

இந்த வேறுபாட்டை இன்னும் தெளிவாகக் காட்டும் வாழ்க்கை ஒன்று நமக்கு அண்மையிலேயே இருக்கிறது. பச்சை உணவைத் தம் உடலிலேயே பரிசோதித்தவர் காந்தியடிகள். 1893இல், 23 வயது இளைஞராகத் தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியாவில் இருந்தபோது, சமைக்காத உணவை உண்டு நாட்குறிப்பும் எழுதினார். பசியும் தளர்ச்சியுமே மிஞ்சின. இரு வாரங்கள் நிறைவதற்குள் அதனைக் கைவிட்டார். 1929இல், 59 வயதில், ஆந்திரச் சுற்றுப்பயணத்தின்போது பச்சை உணவு ஆர்வலர் ஒருவரைச் சந்தித்தபின் மீண்டும் அதில் இறங்கினார். சபர்மதி ஆசிரமவாசிகள் பலரும் உடன் சேர்ந்தனர். சில மாதங்களுக்குள் வயிற்றுக்கடுப்பு அவரைப் படுக்கையில் தள்ளியது. ஆட்டுப்பாலுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. தாம் கண்டவற்றை ஒளிக்காமல் தமது பத்திரிகையிலேயே எழுதினார் என்பது அவர் பெருமை.

இவ்விரண்டு பரிசோதனைகளையும் பலர் அறிவர். இடையில் 1927இல் நிகழ்ந்ததை அவற்றோடு சேர்த்து எண்ணுவோர் சிலரே. அவ்வாண்டு மார்ச் மாதம், கதர் நிதிக்காக ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த காந்தியடிகளின் உடல் நடுவழியிலே தளர்ந்து வீழ்ந்தது. அளவுக்கு மீறிய உழைப்பே காரணமென மருத்துவர்கள் கண்டனர். அவர்கள் விதித்தது ஓய்வு. மைசூர்ச் சீமையின் நந்தி மலையில் ஒரு மாதத்திற்கு மேல் அவர் தங்கினார். உடல் தேறிற்று. அதே ஆண்டு நவம்பரில் அவர் நம் இலங்கைக்கு வந்து, கொழும்பு முதல் யாழ்ப்பாணம்வரை பயணம் செய்து, கூட்டங்கள்தோறும் பேசினார். உழைப்பால் வீழ்ந்த உடலை 1927இல் ஓய்வு எழுப்பியது. எழுந்து நடமாடிக்கொண்டிருந்த உடலை 1929இல் பச்சை உணவு படுக்க வைத்தது. ஒரே மனிதர், இரண்டாண்டு இடைவெளி. இதைவிடத் தெளிவான பாடம் வேறென்ன வேண்டும்?

*

அடுப்பை அணைக்கச் சொல்வோர் அடுப்பு நமக்கு என்ன தந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மானிடவியலறிஞர் ரிச்சர்ட் ராங்கம் 2009இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மனிதக் குரங்கினங்களைச் சேர்ந்த சிம்பன்சி நாளொன்றில் ஏறத்தாழ 6 மணி நேரம் மென்றுகொண்டே இருக்கிறது. சமைத்துண்ணும் மனிதனுக்கு மெல்லுதற்கு ஒரு மணி நேரமே மிகுதி. நெருப்பு உணவை மென்மையாக்கிற்று. செரிமானத்தின் பாதி வேலையை வயிற்றுக்கு வெளியிலேயே முடித்துக் கொடுத்தது. மனிதன் சமைக்கத் தொடங்கிய காலம் எது என்பதில் அறிஞரிடையே விவாதம் இருக்கிறது. ஆயினும், சமையல் மனிதனுக்குப் பொழுதை ஈட்டித் தந்தது என்பதில் ஐயமில்லை. அந்தப் பொழுதிலேதான் அவன் கருவி செய்தான்; பாடினான்; குழந்தைக்குக் கதை சொன்னான். மனிதன் பெற்ற முதல் ஓய்வு அடுப்பிலிருந்து வந்தது.

அடுப்பில்லாத வாழ்க்கை எத்தகையது என்பதை அறிய விரும்புவோர் யானையை நோக்கலாம். ஏறத்தாழ 150 கிலோகிராம் பச்சை இலையும் புல்லும் பட்டையும் அதற்கு ஒருநாள் உணவு. அதனைத் தேடித் தின்பதற்கே நாளில் 16 மணி நேரம் வரை அதற்குச் செல்கிறது. அத்துணைப் பெரிய உடலும் உறங்குவது மிகக் குறைவு. அந்த யானையோடு அருகருகே வாழும் மனிதரின் ஊருக்கு ஒருமுறை போய்வருவோம். நமது கேள்விக்கு விடை அங்கே கிடைக்கும்.

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கோரத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அப்பால், உலர்வலயத்தில் இருப்பது வில்கமுவ. ஒருபுறம் மகாவலி கங்கை. அயலில் 1984இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட வஸ்கமுவ வனம். மக்களிற் பெரும்பாலோர் சிங்களக் கமக்காரர். பெரும்போகத்தில் நெல்; மழை நீர் கிடைக்கும் மேட்டில் சேனைப்பயிர். கதிர் முற்றும் நாள்களில் காட்டிலிருந்து யானை இறங்கும். அப்போது அவ்வூர்க் கமக்காரனின் இரவு வீட்டில் கழிவதில்லை. மரத்தின்மேல் கட்டிய பரணிலே, கைவிளக்கும் யானை வெடியுமாக, அவன் விடியும்வரை விழித்திருக்கிறான். பகலில் வயலில் உழைப்பு. இரவில் பரணில் காவல். ஒரு பொழுது கண்ணயர்ந்தால் ஒரு போகத்தின் உழைப்பு போய்விடும். சில வேளை உயிரும் போய்விடும். 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் யானைக்கும் மனிதனுக்கும் இடையிலான இப்போரில் 400க்கும் மேற்பட்ட யானைகளும் 150க்கும் மேற்பட்ட மனிதரும் மாண்டனர்.

எரிந்து தீர்தல் என்ற சொல்லை அந்தக் கமக்காரன் அறியமாட்டான். ஆனால் அச்சொல்லின் பொருளை அவனைவிட நன்கு அறிந்தவர் யார்? அவனிடம் சென்று, "உன் களைப்புக்குக் காரணம் நீ உண்ட சோறு" என்று சொல்லத் துணிவோமா? சொன்னால் அவன் சிரிப்பான். தன் களைப்புக்குக் காரணம் யாதென்று அவனுக்குத் தெரியும். யானை வேலி சரியாக இல்லை, காட்டின் எல்லை சிதைந்துவிட்டது, நெல்லுக்கு விலையில்லை, கடனுக்கு வட்டி நிற்பதில்லை. நகரத்துப் படித்தவர்களாகிய நமக்கோ நம் களைப்பின் காரணம் தெரிவதில்லை. தெரிந்தாலும் அதைச் சொல்ல நா எழுவதில்லை. ஆகவே தட்டைக் குற்றம் சாட்டுகிறோம்.

அவ்வூரில் பச்சை உணவு பயனற்றது மட்டுமன்று, சிலருக்குக் கேடும் தரக்கூடியது. 1990களில் வடமத்திய மாகாணக் கமக்காரரிடையே கண்டறியப்பட்ட, காரணம் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவிய பிரதேசங்களுள் வில்கமுவவும் ஒன்று. குடிநீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும், விவசாய நஞ்சுகள், கடும் வெயிலில் நீர் வற்றும்வரை உழைப்பது எனப் பல காரணங்களை ஆய்வாளர் முன்வைத்து வாதிட்டு வருகின்றனர். சிறுநீரகம் பழுதுபட்டவனுக்கு, நல்லனவென்று நாம் கருதும் வாழைப்பழமும் இளநீரும் பகையாகலாம்; அவற்றிலுள்ள பொற்றாசியத்தை அவன் உடலால் வெளியேற்ற இயலாது. அது இரத்தத்தில் மிகுந்தால் இதயமே நின்றுவிடக்கூடும். அத்தகைய நோயாளரின் காய்கறிகளை அவித்து, அவித்த நீரைக் கொட்டிவிட்டு உண்ணச் செய்வது மருத்துவ வழக்கம். அடுப்பே அவனுக்கு மருந்து. ஒருவன் வீட்டில் அமுதமாயிருப்பது இன்னொருவன் வீட்டில் நஞ்சாகும் என்பதை மறந்து, எல்லார்க்கும் ஒரே விதி எழுதுபவன் மனிதரைக் காணவில்லை. தன் சித்தாந்தத்தை மட்டுமே காண்கிறான்.

நலமுடையோருக்கும் எச்சரிக்கை வேண்டும். ஜேர்மனியில் பச்சை உணவையே நெடுங்காலம் உண்டுவந்த 500க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட அறிக்கையில், 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு மாதவிடாய் ஒழுங்கு குலைந்தோ நின்றோ போயிருந்ததாகக் காணப்பட்டது. உணவு போதாதென்று உடல் தன்னாலியன்ற மொழியில் முறையிடுகிறது. விலங்குணவு அறவே நீங்கியவருக்கு விற்றமின் பி12 குறைந்து, அதனாலேயே சோகையும் தளர்ச்சியும் வருவதுண்டு. களைப்பை நீக்கச் சென்றவன் புதியதொரு களைப்பை வாங்கி வருகிறான்.

*

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். அது வலிமையான தடை. "அடுப்பு ஓய்வு தந்தது என்கிறீரே, யாருக்குத் தந்தது? ஆணுக்கு ஓய்வும் பெண்ணுக்குப் புகையும் அல்லவா தந்தது?" உண்மை. 1929இல் காந்தியடிகள் பச்சை உணவை ஆதரித்தபோது காட்டிய நியாயங்களுள் இதுவும் ஒன்று: பெண்கள் சமையலறைச் சிறையிலிருந்து விடுபடுவர் என்பது. மாத்தளைத் தோட்டங்களிலே விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு வைத்துவிட்டு மலையேறும் தொழிலாளிப் பெண், மாலையில் கொழுந்துக் கூடையை இறக்கியவுடன் மறுபடியும் அடுப்புக்கே திரும்புகிறாள். அவள் கேட்கும் உரிமையுடைய கேள்வி இது.

ஆயின், அநியாயம் அடுப்பில் இல்லை. அடுப்பை ஒருத்தியின் தலையில் மட்டும் கட்டிய ஏற்பாட்டில் இருக்கிறது. தேங்காய் துருவுவதும் பழம் நறுக்குவதும் பயறு முளைகட்டுவதும் கை வேலையே. அந்த வேலையும் அவள் தலையிலேயே விழுமாயின் அவளுக்கு விடுதலை எங்கே? கணவனும் மகனும் அடுப்படியில் நின்று சமைக்கும் வீட்டில் சோறு ஒரு சுமையாகாது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு அரசு தரும் மதிய உணவும், தொழிலிடத்திலே நியாய விலைக்கு உணவு தரும் பொதுச் சமையற்கூடமும் பெண்ணின் பொழுதை மீட்பவை. அடுப்பைப் பகிர்வது நீதி. அதனை அணைத்துவிட்டால் அந்நீதியைப் பற்றிப் பேசவேண்டிய அவசியமே இல்லாமற் போகிறது.

அடுப்பு அணைந்த நாள்களையும் நாம் கண்டிருக்கிறோம். 2022இல் எரிவாயுக் கொள்கலனுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அன்று பாணும் வாழைப்பழமும் தின்று இரவைக் கழித்தவர் எவரும் இயற்கை உணவின் பெருமையைப் பாடவில்லை. அமர்த்திய சென் ஒரு வேறுபாட்டைச் சுட்டிக்காட்டுவார்: விரதமிருப்பவனும் பட்டினி கிடப்பவனும் உண்ணாமலிருப்பதில் ஒன்றே, ஆனால் முன்னவன் உண்ணக்கூடியவனாயிருந்தும் உண்ணாதவன், பின்னவனுக்கோ அந்தத் தெரிவு இல்லை. நமது பொருளுக்கும் இது பொருந்தும். காட்டிலே காய் கனி உண்டு வாழ்ந்த முனிவன் உலகியல் வேலைகளைத் துறந்த பின்னரே உலகியல் உணவைத் துறந்தான். அவனுக்குப் பொழுது இருந்தது. நாமோ முனிவனின் உணவை உண்டு, பொதிமாட்டின் வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. ஒருவனுடைய நாள் முழுவதும் பிறர் வசமிருக்க, அவன் தட்டு மட்டும் அவன் வசமிருந்தால், அவன் தன் சுதந்திரம் முழுவதையும் அத்தட்டிலேயே நிலைநாட்ட முயல்வான். அது இரங்கத்தக்க முயற்சி. ஆயினும் அதனைச் சுதந்திரம் என்று அழைத்தல் தகாது.

ஆசிரியத் தொழிலில் இருப்பவனாதலால் எம்மவரைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். வராத ஆசிரியரின் வகுப்பையும் சேர்த்துப் பார்த்து, கட்டுக்கட்டாகப் பயிற்சிக் கொப்பிகளைத் திருத்தி, கேட்கப்படும் படிவங்களையெல்லாம் நிரப்பி, சம்பளம் போதாமையால் மாலையில் தனியார் வகுப்புக்கும் ஓடி, இரவில் மறுநாட் பாடத்தை ஆயத்தம் செய்யும் ஒருவர், ஒருநாள் வகுப்பறையில் பிள்ளைகளின் முகம் தமக்குத் தெரியாமலிருப்பதை உணர்கிறார். அவருக்குப் பலர் உணவு மாற்றம் சொல்வர். 2021 ஜூலையில் தொடங்கி ஒக்டோபர்வரை இந்நாட்டு ஆசிரியரும் அதிபரும் சம்பள முரண்பாட்டை எதிர்த்து இணையவழிக் கற்பித்தலினின்றும் விலகி நின்றனர். அப்போராட்டத்தின் நன்மை தீமைகளை அவரவர் மதிப்பிடலாம். எனினும் ஒன்று தெளிவு: தனித்தனியே தம் சோர்வைத் தம் குறையென எண்ணி வெட்கியிருந்தவர்கள், அது எல்லார்க்கும் பொதுவான குறையென்பதை அந்த மாதங்களில் ஒருவர் வாயிலாக ஒருவர் அறிந்தனர். காரணம் பொதுவென்று தெரிந்தவுடன் வெட்கம் நீங்குகிறது. வெட்கம் நீங்குவதே நலம் பெறுவதன் தொடக்கம்.

அவ்வாறாயின் தனிமனிதன் தன் உடலைப் பேண வேண்டாமா? வேண்டும். போராட்டம் வெல்லும்வரை தூங்காதிரு என்று சொல்பவனும் கொடியவனே. நேரத்துக்கு உண்பதும், பச்சைக் காய்கனிகளைச் சோற்றோடு சேர்த்துக்கொள்வதும், இயன்றளவு உறங்குவதும், தளர்ச்சி நீடித்தால் மருத்துவரை நாடுவதும் அறிவுடைமை. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் உணவின் அளவைப் பற்றியும் முன்னுண்டது செரித்தலைப் பற்றியும் மிகுதியாகப் பேசுகிறது. சமைத்ததா பச்சையா என்ற வழக்கை அது எழுப்பவே இல்லை. நோயின் முதலை நாடச் சொல்கிறது. இறுதியில் மருத்துவத்தை நான்காக வகுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு, அருகிருந்து துணைசெய்வோனையும் ஒரு கூறாக்குகிறது. நலமென்பது ஒருவன் தனியே தன் தட்டோடு தீர்த்துக்கொள்ளும் கணக்கன்று என்பதை வள்ளுவர் அறிந்திருந்தார்.

அந்த நான்காவது கூற்றைத்தான் நாம் இழந்து நிற்கிறோம். களைத்தவனுக்கு அருகே நின்று, "உன் வேலையிற் பாதியை நான் செய்கிறேன், நீ சற்று உறங்கு" என்று சொல்பவர் இல்லை. வில்கமுவப் பரண்களில் முறைவைத்துக் காவலிருக்கும் அயலவர் இதனை நமக்குக் கற்பிக்கின்றனர். ஒருவன் விழித்திருக்க மற்றவன் உறங்குகிறான். பின் இவன் விழிக்க அவன் உறங்குகிறான். யானை அதனால் வராமற் போகாது. அதற்கு நல்ல வேலியும் நேர்மையான திட்டமும் வேண்டும். அவற்றைக் கேட்டுப் பெறவேண்டும். ஆயினும் கேட்டுப் பெறும்வரை உயிரோடிருக்கும் வழி அதுவே.

எட்டு மணி நேர உழைப்பு, எட்டு மணி நேர ஓய்வு, எட்டு மணி நேரம் தன் விருப்பம் என்று தொழிலாளர் கேட்கத் தொடங்கி இரு நூற்றாண்டுகள் ஆகின்றன. நெருப்பு முதன்முதல் மனிதனுக்கு ஈட்டித் தந்த பொழுதை மீளக் கேட்பதே அக்கோரிக்கை. நம்மிடமிருந்து பறிபோனது அந்தப் பொழுதே. அடுப்பு நம் பகையன்று. பறிபோன பொழுதைத் திருப்பித் தருமாறு கேட்போம். கிடைக்கும் நாளில் நமக்கு விருப்பமானதைச் சமைத்தோ சமைக்காமலோ, பக்கத்தில் இருப்பவரோடு பகிர்ந்து, பொறுமையாக உண்போம்.